கோர் டம்ப்பைத் திறந்து பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடியில் எங்கள் வீட்டு முன்விறாந்தையில் சனி, ஞாயிறு பின்னேரங்களில் நாலைந்து பேர் லப்டொப்போடு வந்து உட்காருவார்கள். வந்தாறுமூலையில் படிக்கிற பிள்ளைகள், ஒலுவிலிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள், கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுக்கிற இரண்டு மூன்று பேர். புரோகிராம் விழுந்துவிட்டது, ஏன் என்று தெரியவில்லை என்பதுதான் எல்லோருடைய முறைப்பாடும். ஒரே பதிலைப் பலமுறை சொல்லி அலுத்துப்போய் இதை எழுதிவைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் லினக்ஸ், சி மொழி, 64 பிட் இன்டெல் வகைக் கணினி, ஜிடிபி என்ற பிழை தேடும் கருவி (டீபக்கர்) ஆகியவற்றை வைத்துத்தான். கட்டளைகளை வாயால் சொல்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் ஆங்கிலத்தில் அடியுங்கள்.

சேர், "செக்மென்டேஷன் போல்ட், கோர் டம்ப்ட்" எண்டு வந்து நிக்குது. கோர் எண்டா என்ன?

புரோகிராம் விழுந்த நொடியில் அதன் நினைவகத்தில் என்ன இருந்ததோ அதை லினக்ஸின் மையப் பகுதியான கேர்னல் ஒரு கோப்பாக எழுதிவைக்கிறது. அதுதான் கோர். பழைய கணினிகளில் நினைவகம் என்பது கம்பியில் கோத்த சின்னச் சின்னக் காந்த வளையங்கள். அந்த வளையத்துக்குப் பெயர் கோர். வளையம் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

வீதியில் விபத்து நடந்தால் பொலிஸ் வந்து அளந்து முடிக்கும்வரை வாகனத்தை நகர்த்த விடமாட்டார்கள் அல்லவா? அப்படி நகர்த்தாமல் வைத்த வாகனம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சார்பு எதை அழைத்தது, மாறிகளில் என்ன மதிப்பு, ஒவ்வொரு திரெட்டும் (ஒரே புரோகிராமுக்குள் ஒருசேர ஓடும் வேலை) எங்கே நின்றது, எந்த சிக்னலில் செத்தது, எல்லாம் அதில் இருக்கும். சிக்னல் என்பது கேர்னல் புரோகிராமுக்கு அனுப்பும் அறிவிப்பு. தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டால் வருவது செக்மென்டேஷன் போல்ட், அது சிக்னல் 11. தானாக அபோர்ட் ஆனால் 6. ஷெல்லில் வெளியேறும் எண் 139 என்று வந்தால் அதில் 128ஐக் கழியுங்கள், 11 வரும்.

டம்ப்ட் எண்டு சொல்லுது, ஆனா போல்டருக்குள்ள ஒண்டையும் காணல்ல?

கோர் எங்கே போகவேண்டும் என்பதை கேர்னலின் கோர்_பேட்டர்ன் என்ற அமைப்பு தீர்மானிக்கிறது. /புரொக்/சிஸ்/கேர்னல் என்ற இடத்தில் அந்தப் பெயரில் ஒரு கோப்பு இருக்கும், கேட் கட்டளையால் திறந்து பாருங்கள். முதல் எழுத்து நெட்டுக்கோடாக இருந்தால் கோர் கோப்பாக விழாது, இன்னொரு புரோகிராமின் கையில் போகும். சிஸ்டம்டி (சேவைகளைத் தொடக்கி நடத்தும் புரோகிராம்) உள்ள பல லினக்ஸ்களில் அந்தக் கை சிஸ்டம்டி-கோர்டம்ப். அது சுருக்கி /வார்/லிப்/சிஸ்டம்டி/கோர்டம்ப் என்ற இடத்தில் வைக்கும். "கோர்டம்ப்சிடிஎல் லிஸ்ட்" அடித்தால் பட்டியல் வரும், "கோர்டம்ப்சிடிஎல் டீபக்" அடித்தால் கடைசியாக விழுந்ததை ஜிடிபியில் திறந்தே தரும்.

உபுண்டுவின் பல பதிப்புகளில் அந்த வேலையை அப்போர்ட் என்ற புரோகிராம் செய்கிறது. படிக்கிற காலத்தில் இதோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று நினைத்தால், கோர்_பேட்டர்னில் வெறுமனே "கோர்" என்று ரூட் அனுமதியோடு எழுதிவிடுங்கள். புரோகிராம் ஓடின போல்டரிலேயே வந்து விழும். கணினியை மறுபடி தொடக்கினால் பழைய நிலைக்குப் போய்விடும், அதனால் பயமில்லை.

எனக்கு "செக்மென்டேஷன் போல்ட்" மட்டும்தான் வருகுது. டம்ப்ட் எண்ட சொல்லே இல்ல.

கோர் அளவுக்கு எல்லை 0 என்று இருக்கிறது. அதே டெர்மினலில் "யூலிமிட் -சி அன்லிமிடெட்" அடித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஒரு டெர்மினலில் அடித்தது மற்றதைக் கட்டுப்படுத்தாது, பாதிப் பேர் மாட்டுவது இதில்தான். சேவையாக ஓடும் புரோகிராம் என்றால் சிஸ்டம்டி கோப்பில் லிமிட்கோர் என்ற வரியில் இன்பினிட்டி என்று போடவேண்டும்.

கரண்ட் போய் நிண்டா கோர் கிடைக்குமா?

கிடைக்காது. கோரை எழுதுவது கேர்னல். கரண்ட் போனால் கேர்னலே இல்லை. "கில் -9" போட்டுக் கொன்றாலும் வராது. நினைவகம் போதாமல் கேர்னலே கொன்றாலும் அதே 9தான், 137 என்று வெளியேறும். அந்த நேரம் "டிமெஸ்ஜி" கட்டளையில் "அவுட் ஒப் மெமரி" என்ற வரியைத் தேடுங்கள். அதற்கு ஜிடிபி தேவையில்லை.

சரி, கோர் கிடைச்சிட்டு. அடுத்தது என்ன?

"ஜிடிபி", பிறகு புரோகிராமின் பெயர், பிறகு கோரின் பெயர். இரண்டும் வேண்டும். கோரில் பொதுவாகப் புரோகிராமின் கட்டளைப் பகுதி சேர்வதில்லை. அதுதான் டிஸ்க்கில் கோப்பாக இருக்கிறதே என்று கேர்னல் விட்டுவிடும். எனவே கோரை மட்டும் பென் டிரைவில் கொண்டுவந்தால் பாதி வேலைதான் நடக்கும்.

உள்ளே போனதும் "பிடி" அடியுங்கள், பேக்ட்ரேஸ் என்பதன் சுருக்கம். ஒவ்வொரு சார்பு அழைப்புக்கும் ஒரு பிரேம் இருக்கும். 0ஆம் பிரேம் விழுந்த இடம், 1ஆம் பிரேம் அதை அழைத்தது, இப்படி மெயின் வரை போகும். "அப்", "டவுன்" என்று ஏறி இறங்கலாம். ஒவ்வொரு பிரேமிலும் "இன்போ ஆர்க்ஸ்", "இன்போ லோக்கல்ஸ்" அடித்து மதிப்புகளைப் பாருங்கள். பிள்ளைகள் 0ஆம் பிரேமைப் பார்த்தவுடன் எடிட்டரைத் திறந்துவிடுகிறார்கள். மேலே இரண்டு பிரேம் ஏறிப் பார்த்த பிறகு திறந்தால் போதும்.

"நெக்ஸ்ட்" அடிச்சா "த புரோகிராம் இஸ் நொட் பீயிங் ரன்" எண்டு ஏசுது. ஏன்?

செத்தது நடக்காது. கோரில் பார்க்கலாம், ஓட்ட ஏலாது. நெக்ஸ்ட், ஸ்டெப், கன்டினியூ எதுவும் வேலை செய்யாது. "பிரின்ட்" செய்யும்போது அதற்குள் ஸ்டர்லென் மாதிரி ஒரு சார்பை அழைத்தாலும் மறுத்துவிடும், அழைப்பதற்கு உயிரோடு ஒரு புரோகிராம் வேண்டும். நீளத்தைப் பைட்டுகளை எண்ணி அறியலாம்.

"பிடி" அடிச்சா ரெண்டு ரெண்டு கேள்விக்குறியா வரிசையா வருகுது, பெயர் ஒண்டும் இல்ல.

பெரும்பாலும் மூன்றில் ஒரு காரணம். முதலாவது, புரோகிராமை ஸ்ட்ரிப் செய்து பெயர்களை உரித்துவிட்டீர்கள். கம்பைல் செய்யும்போது டீபக் தகவலைச் சேர்க்கும் "-ஜி" போடாவிட்டால் சார்பின் பெயர் வரும், வரி எண்ணும் மாறிகளும் வராது. இரண்டாவது, நீங்கள் கொடுத்த புரோகிராம் விழுந்த புரோகிராம் அல்ல. விழுந்த பிறகு ஒரு வரியை மாற்றி மறுபடி கம்பைல் செய்துவிட்டு, புதிய புரோகிராமைப் பழைய கோரோடு கொடுப்பீர்கள். ஜிடிபியும் முகம் சுளிக்காமல் எதையாவது காட்டும். கேள்விக்குறி வந்தாலாவது பரவாயில்லை, பிழையான வரி எண்ணைக் காட்டினால் அந்த இரவு போச்சு.

பில்ட் ஐடி என்று ஒன்று இருக்கிறது. லிங்க் செய்யும்போது புரோகிராமுக்குள் பதியும் கைரேகை, வழக்கமாக 20 பைட். கோரிலும் அது வந்து சேரும். "பைல்" கட்டளையைப் புரோகிராமில் ஓட்டி ஐடியைப் பார்த்து, "கோர்டம்ப்சிடிஎல் இன்போ" காட்டும் ஐடியோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் மேலே போகவேண்டாம். மூன்றாவது காரணம் ஸ்டாக்கே (எந்தச் சார்பு எதை அழைத்தது என்ற கணக்கும் உள்ளூர் மாறிகளும் இருக்கும் இடம்) கெட்டுப்போவது, அதைக் கீழே சொல்கிறேன்.

"-ஜி" போட்டா கஸ்டமருக்குக் குடுக்கிற புரோகிராம் மெதுவாகிப் போகாதா?

மெதுவாகாது. கோப்பின் பருமன்தான் கூடும். பருமன் பிரச்சினை என்றால் "ஒப்ஜ்கொப்பி" கட்டளையால் டீபக் தகவலைத் தனிக் கோப்பாக எடுத்துவைத்துக்கொண்டு, மிச்சத்தை ஸ்ட்ரிப் செய்து கொடுக்கலாம். கொடுத்த ஒவ்வொரு பதிப்பின் டீபக் கோப்பையும் பில்ட் ஐடியைப் பெயராக வைத்துச் சேமியுங்கள். நான் இதைச் செய்யத் தொடங்கியது இரண்டு தடவை அழுத பிறகு.

மாறியைக் கேட்டா "ஒப்டிமைஸ்ட் அவுட்" எண்டு சொல்லுது. தொலைஞ்சு போச்சா?

அந்த இடத்தில் அந்த மாறியின் மதிப்பு கம்பைலருக்குத் தேவைப்படாமல் போயிருக்கும், அது இருந்த ரெஜிஸ்டரை (செயலிக்குள் உள்ள சிறு சேமிப்பிடம்) வேறொன்றுக்குப் பயன்படுத்தியிருக்கும். ஒரு பிரேம் மேலே ஏறி, அதே மதிப்பை அனுப்பிய சார்பில் தேடுங்கள், அடிக்கடி கிடைக்கும். உங்கள் சொந்தப் பரிசோதனைக்கு "-ஓஜி" போட்டுக் கம்பைல் செய்தால் இந்தத் தலையிடி குறையும்.

அண்ணா, பிடி காட்டுற வரியில ஒரு பிழையும் இல்லையே. அந்த சார்பை நூறு தரம் வாசிச்சிட்டன்.

விழுந்த இடம் வேறு, தடக்கின இடம் வேறு. இதைச் சொல்லி விளங்கப்படுத்துவதைவிட, நான் பட்டதைச் சொல்கிறேன்.

ஏறாவூர்ப் பக்கம் ஒரு நெல் ஆலைக்குக் கொள்வனவுப் பதிவேடு ஒன்று எழுதிக் கொடுத்திருந்தேன். பெரும்போக அறுவடை நேரம், வாசலில் உழவு இயந்திரப் பெட்டிகள் மூடைகளோடு வரிசையில் நிற்கின்றன. மொத்தம் பார்க்கும் பொத்தானை அமத்தினால் புரோகிராம் விழுகிறது. பிடியைப் பார்த்தால் விழுந்தது கூட்டும் சார்பில்: பட்டியலில் ஒரு முனை, அதன் எடையைக் கூட்டு, அடுத்த முனைக்குப் போ. ஐந்து வரி. மூன்று இரவு அந்த ஐந்து வரியை முறைத்துப் பார்த்தேன். அதில் பிழை இல்லை, இன்றுவரை இல்லை.

நாலாம் இரவுதான் நினைவகத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு முனையிலும் ஊர்ப்பெயருக்கு 32 பைட், அதை ஒட்டி அடுத்த முனையைக் காட்டும் பொயின்டருக்கு 8 பைட், அதன் பிறகு எடைக்கு 8 பைட். பட்டியலின் தலையிலிருந்து ஒவ்வொரு முனையாக பிரின்ட் செய்தேன். முதல் இரண்டும் ஒழுங்கு: செங்கலடி, ஏறாவூர். மூன்றாவதில் ஊர்ப்பெயர் "கொக்கட்டிச\340\257" என்று வந்து அறுந்து நின்றது. படுவான்கரையிலிருந்து வந்த ஒரு விவசாயியின் பதிவு அது.

கொக்கட்டிச்சோலை என்று எழுதினால் யூனிகோடில் 15 குறியீடுகள். யூனிகோடைப் பைட்டாக எழுதும் முறையான யூடிஎப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ஆக 45, முடிவைக் காட்டும் பூச்சியத்தோடு 46. இருந்த இடமோ 32. மிச்சம் பொயின்டருக்கு மேலே ஏறிப் படுத்துக்கொண்டது. முனையைப் பட்டியலில் கோத்த பிறகு ஊர்ப்பெயரைப் பிரதி செய்ததால் நல்ல பொயின்டர் அழிந்தது. எடையை அதற்கும் பிறகு எழுதியதால் எடை தப்பியது. செங்கலடி 24 பைட், ஏறாவூர் 21. வாழைச்சேனை 30, பூச்சியத்தோடு 31, ஒரு பைட் இடைவெளியில் தப்பியிருக்கிறது! நான் பரிசோதித்ததெல்லாம் ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் அடித்து. ஆங்கிலத்தில் எழுத்துக்கு ஒரு பைட்.

பைட்டைப் பார்த்து அது தமிழ் எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிற?

"எக்ஸ்" என்ற கட்டளை நினைவகத்தை அப்படியே காட்டும். சாய்கோடு போட்டு எத்தனை, எந்த வடிவில், எந்த அளவில் என்று சொல்லவேண்டும். நான் "எக்ஸ்/8யூபி" அடிப்பேன்: 8 உருப்படி, குறி இல்லாத பத்தடிமான எண், பைட் பைட்டாக. மேலே சொன்ன முனையில் பொயின்டரின் இடத்தில் இப்படி இருந்தது:

141 224 174 154 224 175 139 224

தமிழ் எழுத்து யூடிஎப்-8இல் 224இல் தொடங்கும், இரண்டாம் பைட் 174 அல்லது 175. ஆக 224 174 154 என்பது "ச". 224 175 139 என்பது ஓகாரக் குறி, இரண்டும் சேர்ந்தால் "சோ". முன்னால் தனியாக நிற்கும் 141 புள்ளியின் கடைசிப் பைட், அதன் முதல் இரண்டும் 32க்குள் அடங்கிவிட்டன. கடைசி 224 "லை"யின் தொடக்கம். முகவரி இருக்கவேண்டிய இடத்தில் ஊர்ப்பெயரின் வால். ஜிடிபி சில நேரம் எட்டடிமானத்தில் காட்டும், அப்போது 224 என்பது \340, 174 என்பது \256, 175 என்பது \257. இந்த மூன்றையும் மனதில் வையுங்கள். பொயின்டருக்குள் இவற்றைக் கண்டால் யாரோ தமிழில் பெயர் அடித்திருக்கிறார்கள்.

திருத்தும்போது 32ஐ 64 ஆக்கினால் மட்டும் போதாது, நீளத்தைப் பார்த்துப் பிரதி செய்யவேண்டும். வெட்டவேண்டி வந்தால் எழுத்தின் நடுவில் வெட்டாதீர்கள். 128 முதல் 191 வரையான பைட் ஒரு எழுத்தின் நடுப்பகுதி, அதற்கு முன்னால் வெட்டக்கூடாது.

வல்கிரைண்ட், அட்ரஸ் சனிடைசர் எல்லாம் இருக்கே. அதுகள் பிடிக்காதா? என்னத்துக்கு இவ்வளவு பாடு?

இரண்டும் நினைவகப் பிழை தேடும் கருவிகள். ஒதுக்கிய துண்டுக்கு வெளியே எழுதினால் பிடிக்கும், விடுவித்த நினைவகத்தைத் தொட்டால் பிடிக்கும். கட்டாயம் பாவியுங்கள். ஆனால் மேலே சொன்ன முனை மொத்தம் 48 பைட், ஊர்ப்பெயர் எழுதியது 46. துண்டை விட்டு வெளியே போகவே இல்லை. ஒரே வீட்டுக்குள் ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போனதுதான். இரண்டு கருவியும் வாய் திறக்காது. இந்த வகைக்கு டம்ப்பைத் திறந்து கண்ணால் பார்ப்பது உதவும்.

விழுந்த முகவரி 0 எண்டு காட்டுது. அப்ப நல் பொயின்டர்தானே?

இது தந்திரமான கேள்வி. எந்த முகவரியைத் தொட்டதால் விழுந்தது என்பதை $_சிக்இன்போ என்ற மாறிக்குள், சிக்போல்ட் பகுதியில் பார்க்கலாம். அங்கே 0 என்று இருந்தால் இரண்டு சாத்தியம். ஒன்று, உண்மையிலேயே நல் பொயின்டர், அதாவது எதையும் காட்டாமல் 0 ஆக இருப்பது. மற்றது, முகவரியே அல்லாத ஒரு எண். 64 பிட் இன்டெல் வகைக் கணினிகளில் எல்லா 64 பிட் எண்ணும் முகவரியாகாது. மேல் பிட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கவேண்டும். அப்படி இல்லாததைத் தொட்டால் செயலி வேறு வகைப் பிழை எழுப்பும், கேர்னலுக்கு முகவரி தெரியவராது, 0 என்று எழுதிவிடும். நம் கொக்கட்டிச்சோலைப் பொயின்டர் இந்த இரண்டாம் வகை. அதனால்தான் முதல் மூன்று இரவும் நல் பொயின்டர் என்று நினைத்து ஏமாந்தேன். சிக்இன்போவை மட்டும் நம்பாமல் பொயின்டரின் மதிப்பையே பிரின்ட் செய்து பாருங்கள்.

0 இல்லாமல் 32, 40 மாதிரிச் சின்ன எண் வந்தால் அதுவும் நல் பொயின்டர்தான். ஸ்ட்ரக்டின் தொடக்கத்திலிருந்து 40ஆம் பைட்டில் எடை இருக்கிறது, நல்லின் எடையைக் கேட்டால் முகவரி 40. எண்ணைப் பார்த்தே எந்தப் புலம் என்று சொல்லிவிடலாம்.

பொத்துவில் எண்டு அடிச்சா ஒரு மெசின்ல சரி, மற்ற மெசின்ல மொத்தம் பிழையா வருகுது. விழவும் இல்ல. எப்பிடி?

அதே 32 பைட் இடத்தில் நடந்தது இது. "பொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியீடாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். முதல் விதத்தில் பொத்துவில் 10 குறியீடு, 30 பைட், பூச்சியத்தோடு 31, அடங்கும். இரண்டாம் விதத்தில் 11 குறியீடு, 33 பைட், பூச்சியத்தோடு 34. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரையில் இரண்டாவது விதம் வந்து மாட்டலாம்.

இரண்டே பைட் வழிந்தால் பொயின்டரின் கீழ் இரண்டு பைட் மட்டும் மாறும்: 141, 0. இன்டெல் வகையில் சிறிய பைட்தான் முதலில் வரும். ஆகவே புதிய முகவரி பழையதிலிருந்து 65,536 பைட்டுக்குள்ளேயே இருக்கும். அது பெரும்பாலும் புரோகிராமின் சொந்த நினைவகம்தான். விழாது, அங்கே கிடக்கும் எதையோ எடை என்று எடுத்துக் கூட்டிவிடும். இதைவிட விழுவது மேல். விழாத புரோகிராமிலிருந்தும் டம்ப் எடுக்கலாம்: "ஜிகோர்" அடித்து அதன் செயல் எண்ணைக் கொடுத்தால் கோரை எழுதிவிட்டு புரோகிராம் தொடர்ந்து ஓடும். பிறகு முன்னால் சொன்ன மாதிரி முனை முனையாகப் பாருங்கள்.

"ஸ்டாக் ஸ்மாஷிங் டிடெக்டட்" எண்டு வருகுது. பிடியிலயும் நான் எழுதாத பெயர்தான் கிடக்கு.

உள்ளூர் மாறிக்காக ஸ்டாக்கில் வைத்த இடம் வழிந்திருக்கிறது. கம்பைலர் ஸ்டாக்கில் ஒரு காவல் எண்ணை வைத்து, சார்பு திரும்பும்போது அது மாறியிருக்கிறதா என்று பார்க்கும். மாறியிருந்தால் தானே அபோர்ட் செய்யும். பிடியில் மேலே இருப்பவை அந்தக் காவல்காரரின் சார்புகள், அவற்றை விட்டுக் கீழே வந்து உங்கள் பெயர் வரும் முதல் பிரேமைப் பிடியுங்கள். குற்றவாளி அதுதான், அல்லது அது அழைத்த ஏதோ ஒன்று.

காவல் இல்லாமல் கம்பைல் செய்திருந்தால் திரும்பிப் போகவேண்டிய முகவரியே அழிந்து, கேள்விக்குறிகள் வரும். அப்போது ஆர்எஸ்பி ரெஜிஸ்டர் காட்டும் இடத்தில் எக்ஸ் அடித்துப் பைட்டுகளைப் பாருங்கள். 224 174 கண்டால் கதை தெரிந்ததுதான். பிடி ஆயிரக்கணக்கில் ஒரே சார்பைக் காட்டினால் அது வேறு நோய்: முடிவில்லாமல் தன்னைத் தானே அழைக்கிறது, வழக்கமான 8 எம்பி ஸ்டாக் நிரம்பிவிட்டது. "பிடி -5" அடித்தால் கடைசி ஐந்து பிரேம், அழைப்பு எங்கே தொடங்கியது என்று தெரியும்.

விழல்ல, அப்பிடியே உறைஞ்சு போய் நிக்குது. இதுக்கும் டம்ப் உதவுமா?

உதவும். பொத்துவில் கேள்வியில் சொன்ன ஜிகோரால் எடுங்கள். ஜிடிபியில் "திரெட் அப்ளை ஓல் பிடி" அடித்தால் எல்லாத் திரெட்டுகளின் அடுக்கும் வரும். இரண்டு திரெட்டுகள் பூட்டுக்காகக் காத்திருந்தால் அந்த மியூடெக்ஸ் மாறியை பிரின்ட் செய்யுங்கள். ஓனர் என்ற புலத்தில் பூட்டை வைத்திருக்கும் திரெட்டின் எண் இருக்கும். "இன்போ திரெட்ஸ்" பட்டியலில் அந்த எண்ணைத் தேடினால், நீ விடு நான் விடுகிறேன் என்று நிற்கிற இரண்டு பேரும் அகப்படுவார்கள்.

ஜிடிபிக்குள்ள ஓட்டினா விழுதில்ல, வெளிய ஓட்டினா விழுகுது. பேய் பிடிச்சிருக்கா?

லினக்ஸ் முகவரிகளைக் குலைத்து வைக்கும் வழக்கத்தை ஜிடிபி நிறுத்திவிட்டு ஓட்டும். ஒவ்வொரு முறையும் ஒரே முகவரி, அதனால் கெட்ட பொயின்டர் தற்செயலாக நல்ல இடத்தில் விழலாம். "செட் டிசேபிள்-ரண்டமைசேஷன் ஓப்" அடித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அல்லது பேசாமல் வெளியே விழவிட்டு கோரை எடுங்கள், அதுதான் நேர்வழி.

ராஸ்ப்பெரி பையில விழுந்த கோரை என்ட லப்டொப்பில திறக்க ஏலுமா?

ஏலும், ஆனால் சாதாரண ஜிடிபி போதாது. "ஜிடிபி-மல்டிஆர்ச்" நிறுவுங்கள். பையில் இருந்த புரோகிராமோடு அதன் லைப்ரரிகளும் வேண்டும். லிப், யூஎஸ்ஆர்-லிப் போல்டர்களைப் பிரதி எடுத்து ஒரு இடத்தில் வைத்து, "செட் சிஸ்ரூட்" மூலம் அந்த இடத்தைக் காட்டுங்கள். காட்டாவிட்டால் உங்கள் லப்டொப்பின் லைப்ரரியை வைத்துக் கணக்குப் பார்த்து உளறும். இரண்டும் இன்டெல் கணினியாக, லினக்ஸ் பதிப்பு மட்டும் வேறாக இருந்தாலும் இதே கதைதான்.

விண்டோஸ்ல?

தத்துவம் ஒன்று, பெயர்கள் வேறு. டாஸ்க் மனேஜரில் புரோகிராமின் மேல் வலது கிளிக் செய்து டம்ப் எடுக்கலாம். திறப்பது விண்டிபிஜி. சிம்பல்கள் பிடிபி கோப்பில் இருக்கும். உள்ளே போனதும் "!அனலைஸ் -வி" அடியுங்கள்.

பைதனில எழுதினதுக்கும் இப்பிடிப் பார்க்கலாமா?

பைதன் பிழை வந்தால் அதுவே வரி எண்ணோடு சொல்லிவிடும், கோர் வராது. பைதனே செக்மென்டேஷன் போல்டில் விழுந்தால் சிக்கல் பெரும்பாலும் சி மொழியில் எழுதிய ஏதோ ஒரு பொதியில். "-எக்ஸ் போல்ட்ஹேண்ட்லர்" போட்டு ஓட்டினால் விழும்போது எந்தப் பைதன் வரியில் நின்றது என்று எழுதிவிட்டுச் சாகும். முதலில் அதைப் பாருங்கள்.

கோரை வட்ஸ்அப் குறூப்ல போட்டு யாரிட்டயாவது கேட்கலாமா?

கூடாது. புரோகிராமின் நினைவகத்தில் இருந்த எல்லாம் அதில் இருக்கிறது: கடவுச்சொல், வாடிக்கையாளரின் பெயர், கணக்கு எண். ஆலையின் கோரில் அன்று காலை நெல் கொடுத்த அத்தனை பேரின் அடையாள அட்டை எண்ணும் கிடந்தது. கேட்பதென்றால் பிடியின் வெளியீட்டை மட்டும் எழுத்தாகப் பிரதி எடுத்துப் போடுங்கள், அதிலும் ஆர்க்ஸில் பெயர் ஏதும் வந்திருக்கிறதா என்று ஒருக்கா பாருங்கள்.

"ஸ்ட்ரிங்ஸ் ஓட்டிப் பார்த்தேன் சேர், பெயர் ஒன்றும் இல்லை, அனுப்பலாம்தானே" என்று ஒரு பிள்ளை கேட்டாள். ஸ்ட்ரிங்ஸ் என்பது கோப்புக்குள் எழுத்துகளைத் தேடும் கட்டளை. அது வழக்கமாக ஆங்கில எழுத்து, எண் வகையறாவை மட்டும்தான் தேடும். 127க்கு மேற்பட்ட பைட் அதன் கண்ணில் படாது. தமிழ்ப் பெயர் முழுக்க 127க்கு மேல். "-ஈ"க்குப் பிறகு பெரிய "எஸ்" போட்டு மறுபடி ஓட்டச் சொன்னேன். பட்டியல் திரையில் ஓடத் தொடங்கி, நிற்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.